சர்க்கரை உள்ள வயதான பூனைக்குப் பல் எடுக்கலாமா? மலையில் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

பூனைக்குப் பன்னிரண்டு வயது. ஒரு மாதமாகத் தண்ணீர் நிறையக் குடிக்கிறது. தட்டைக் காலி செய்கிறது, ஆனாலும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. வாயில் நாற்றம். குன்னூரில் பார்த்த டாக்டர் ரத்தம் எடுத்துவிட்டு, சுகர் 380, இன்சுலின் தொடங்கலாம் என்கிறார். கோயம்புத்தூரில் காட்டினால் அங்கே வாயைத் திறந்து பார்த்துவிட்டு ஐந்தாறு பல்லை எடுத்தாக வேண்டும் என்கிறார்கள். "சுகர் இருக்கிறப்போ பல்லைப் பிடுங்கினா புண்ணு ஆறாதேப்பா" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். பல்லுக்கு டிரை ஃபுட் நல்லது என்கிறார் ஒருவர். சுகருக்கு டிரை ஃபுட் கூடவே கூடாது என்கிறார் இன்னொருவர்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் வயதான பூனை வைத்திருக்கும் வீடுகள் பல இந்த இடத்தில் திகைத்து நின்றுவிடுகின்றன. எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டையும் தள்ளிப்போடுகிறார்கள். பூனை கெட்டுப்போவது அப்படித் தள்ளிப்போடும் மாதங்களில்தான். வாயையும் சர்க்கரையையும் தனித்தனி நோயாகப் பார்க்கும்வரை இந்தக் குழப்பம் தீராது. ஒன்று மற்றொன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். அது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் விதம்

ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் உடம்பின் திசுக்களுக்குள் போகக் கதவைத் திறப்பது இன்சுலின். அதைச் சுரப்பது கணையம். நாய்க்குச் சர்க்கரை வந்தால் பெரும்பாலும் சுரப்பே நின்றுபோயிருக்கும். பூனைக்கு வருவது, நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகையைப் போன்றது. இன்சுலின் சுரக்கும், ஆனால் உடம்பு அதற்குச் சரியாக இசைந்து கொடுக்காது. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாக உழைத்து, ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிடும். ரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து ஏறியே இருந்தால், அந்தச் சர்க்கரையே இன்சுலின் சுரக்கும் செல்களை முடக்கிப்போடும்.

முடங்கிய செல்கள் எல்லாமே செத்தவை அல்ல என்பதுதான் பூனை வளர்ப்பவர்களுக்கு நம்பிக்கை தரும் செய்தி. ஆரம்பத்திலேயே இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுத்தால், அவை மீண்டும் வேலை செய்யத் தொடங்கலாம். சில மாதங்களில் இன்சுலினே வேண்டாத நிலைக்குக் கணிசமான பூனைகள் திரும்புகின்றன. மனிதருக்கு இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்றொரு எண்ணம் நம்மூரில் ஊறிப்போயிருக்கிறது. அதைப் பூனைமேல் ஏற்ற வேண்டாம். பூனைக்கு அது முதல் கட்ட மருந்து. சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் நிறுத்தவும் வாய்ப்பு உண்டு.

யாருக்கு அதிகம் வரும்? ஏழெட்டு வயதைத் தாண்டியவை, எடை கூடியவை, கருத்தடை செய்த ஆண் பூனைகள், வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடப்பவை. குளிர்காலம் முழுக்க அடுப்படியை விட்டு நகராமல், தின்று தூங்கும் மலைப் பூனைக்கு இதில் பாதி பொருந்தும். இன்னொரு முக்கியமான காரணம் ஸ்டீராய்டு மருந்து. அதைப் பிறகு தனியாகப் பார்ப்போம்.

300 என்று காட்டினாலே நோயா?

இல்லை. பூனையின் ரத்தச் சர்க்கரை சாதாரணமாக டெசிலிட்டருக்கு 70 முதல் 150 மி.கி.க்குள் இருக்கும். பயந்துபோன பூனைக்கு, நோயே இல்லாவிட்டாலும், அது 300ஐத் தாண்டலாம். கூடையில் போட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கி எடுத்துப்போய், நாய் குரைக்கும் வரவேற்பறையில் அரை மணி நேரம் வைத்திருந்து எடுத்த ரத்தத்தை மட்டும் நம்பக் கூடாது.

சந்தேகம் தீர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஃபிரக்டோசமைன் பரிசோதனை. அது கடந்த ஒன்றிரண்டு வாரச் சராசரியைக் காட்டுவதால், ஒரு நாள் பயம் அதைப் பெரிதாக மாற்றாது. மற்றது வீட்டிலேயே சிறுநீர் பார்ப்பது. மனிதருக்கு விற்கும், குளுக்கோஸும் கீட்டோனும் (சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் பொருள்) காட்டும் பட்டைகள் மெடிக்கலில் கிடைக்கும். மனிதருக்கு ரத்தச் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால் சிறுநீரில் இறங்கும். பூனைக்கு அந்த வரம்பு ஏறக்குறைய 250க்கு மேல். பழக்கமான வீட்டில், பயமில்லாமல் போன சிறுநீரிலும் திரும்பத் திரும்பச் சர்க்கரை இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. கீட்டோனும் சேர்ந்து தெரிந்து, பூனை சோர்ந்து, வாந்தி எடுத்து, சாப்பிடாமலும் இருந்தால் அது அவசர நிலை. மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

மலையில் அறிகுறிகள் கண்ணுக்குப் படுவதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. குளிரில் பூனை பொதுவாகத் தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும். அதனால் டிசம்பரில் கிண்ணம் காலியாகிறது என்றால், அது மே மாதக் கோயம்புத்தூரில் காலியாவதைவிடப் பெரிய செய்தி. ஆனால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே போய் சிறுநீர் கழிக்கும் பூனை எவ்வளவு போகிறது என்பது யாருக்கும் தெரியாது. பத்து வயது தாண்டிய பூனையை வீட்டுக்குள் வைத்து மரத்தூள் தட்டுப் பழக்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம். சிறுத்தை நடமாட்டம் இன்னொன்று. பின்னங்கால் குதிகாலைத் தரையில் ஊன்றி, முயல் உட்கார்ந்தபடியே நடப்பது போல ஒரு பூனை நடந்தால், சர்க்கரை ஏற்கெனவே நரம்பைத் தொட்டிருக்கலாம்.

வாய்க்குள் என்ன நடக்கிறது

பூனைக்கு முப்பது பல். வயதான பூனையின் வாயில் வரும் நோய்கள் முக்கியமாக மூன்று. மூன்றையும் "பல் சொத்தை" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் நமக்கு வருவது போன்ற சொத்தை பூனைக்குக் கிட்டத்தட்ட வருவதே இல்லை.

1. ஈறு நோய். பல்மேல் படியும் கிருமிப் படலம் சில நாட்களில் கெட்டிப்பட்டுக் காரையாகிறது. கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் காரையைவிட, ஈறுக்கு அடியில் இறங்கிய படலம்தான் ஆபத்து. ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, பல் ஆடத் தொடங்கும்.

2. பல் அரிப்பு. பூனையின் சொந்தச் செல்களே பல்லைக் கரைத்துத் தின்னும் நோய் இது. வயதான பூனைகளில் மிகச் சாதாரணம். கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் வரும் முதல் பல்லில்தான் பல நேரங்களில் ஆரம்பிக்கும். உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தால், பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி, ஈறு பல்மேல் ஏறிவந்தது போல இருக்கும். அந்த இடத்தை டாக்டர் கருவியால் தொட்டால், மயக்கத்தில் இருக்கும் பூனைக்கும் தாடை நடுங்கும். அவ்வளவு வலி. இதை அடைக்க முடியாது. பல்லை எடுப்பதுதான் வழி.

3. வாய் முழுக்க வரும் அழற்சி. தொண்டைக்கு அருகில், தாடைகள் சேரும் மூலையில், பச்சைப் புண்ணாகச் சிவந்திருக்கும். பூனை பசியோடு ஓடிவரும், ஒரு வாய் வைக்கும், கத்திக்கொண்டு பின்வாங்கும். கடைவாய்ப் பற்களை அல்லது எல்லாப் பற்களையும் எடுத்தால் பெரும்பாலான பூனைகளுக்கு நல்ல மாற்றம் தெரியும்.

பூனை வலியை மறைக்கும். "நல்லாத்தானே சாப்பிடுது" என்பது வாய் நன்றாக இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்கிறதா, கடிக்காமல் முழுசாக விழுங்குகிறதா, தின்னும்போது பருக்கை கீழே விழுகிறதா, முதுகு முடியை நக்கிச் சீராக்குவதை விட்டுவிட்டதா என்று பாருங்கள். சாப்பிடாமல் விடுவது கடைசியில்தான்.

இரண்டும் முடிச்சுப் போடும் இடம்

1. வாய் அழற்சி சர்க்கரையை ஏற்றுகிறது. உடம்பில் எங்கே நாள்பட்ட அழற்சி இருந்தாலும் அதிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருட்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். வாயில் சீழ் இருக்கும் பூனைக்கு இன்சுலின் அளவை ஏற்றிக்கொண்டே போனாலும் சர்க்கரை அடங்காமல் இருக்கக் காரணம் இது.

2. சர்க்கரை வாயைக் கெடுக்கிறது. ஏறிய சர்க்கரையில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மந்தமாகும், புண் ஆறுவது தாமதமாகும். பெரியவர்களின் பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆறாத புண் ஏற்கெனவே வாயில்தான் இருக்கிறது. பல்லை விட்டுவைத்தால் அந்தப் புண்ணையும் விட்டுவைக்கிறோம்.

3. வாய் வலி சாப்பாட்டை நிறுத்துகிறது. இன்சுலின் போட்ட பூனை சாப்பிடாமல் போனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். சரி, இன்சுலினை நிறுத்திவிடலாம் என்றால் கீட்டோன் ஏறும். குண்டான பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும் என்ற அபாயமும் சேர்கிறது.

4. வாய் வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி. இந்தக் கட்டுரையில் ஒரு விஷயம் மட்டும் நினைவில் நிற்கட்டும் என்றால் இதையே சொல்வேன். பூனை வாய்ப் புண்ணால் சாப்பிடவில்லை என்று போனால், பல வாரம் வேலை செய்யும் மெதைல்பிரெட்னிசலோன் போன்ற ஊசியைப் போடுவது பல இடங்களில் வழக்கம். மறுநாளே பூனை சாப்பிடும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு மூன்று மாதம் கழித்துப் புண் திரும்பும், இன்னொரு ஊசி. ஸ்டீராய்டு இன்சுலினுக்கு நேர் எதிரான வேலை செய்யும் மருந்து. எடை கூடிய, வயதான பூனைக்கு இப்படி நாலைந்து ஊசி போனால், ஓரத்தில் நின்ற கணையம் விழுந்துவிடலாம். போட்ட ஊசியைத் திரும்ப உறிஞ்சி எடுக்கவும் முடியாது. ஸ்டீராய்டு சில நோய்களுக்கு உயிர் காக்கும் மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் பல்லில் இருக்கும் காரணத்தைத் தொடாமல் திரும்பத் திரும்பப் போடுவது வலியை மறைத்துச் சர்க்கரையை வாங்கித் தருவதாகிவிடும். பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். ஸ்டீராய்டு போட்டிருந்தால், எப்போது, எத்தனை முறை என்று புது டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

சிரிஞ்சில் இருக்கும் ஆபத்து

பூனைக்கு அதிகம் பயன்படுவது கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின். மனிதருக்கு விற்கும் அதே மருந்து. பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை, பெரும்பாலும் ஒரு யூனிட்டில் தொடங்குவார்கள். பூனையின் எடையையும் சுகர் அளவையும் பார்த்து டாக்டர்தான் அளவைச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவில் பரவலாகக் கிடைக்கிறது. மனிதருக்கான சாதாரணக் குப்பிகள் பல, மில்லிலிட்டருக்கு 40 யூனிட். கிளார்ஜின் பொதுவாக 100 யூனிட். 300 யூனிட் கிளார்ஜினும் உண்டு. 40க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கானது ஆரஞ்சு. அவசரத்தில் இரண்டு நிறமும் ஒன்றுபோலவே தெரியும்.

கணக்கைப் பாருங்கள். 100 யூனிட் இன்சுலினை, சிவப்பு மூடி சிரிஞ்சில் "2" என்ற கோடு வரை இழுக்கிறீர்கள். அந்தக் கோடு 0.05 மி.லி. அதில் இருப்பது ஐந்து யூனிட். இரண்டு போட நினைத்து ஐந்து போட்டிருக்கிறீர்கள். நாலு கிலோ பூனைக்கு இது உயிரோடு விளையாடும் அளவு. மாற்றி, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டுக்குப் பதில் 0.8 யூனிட்தான் போகும். சர்க்கரை இறங்கவில்லையே என்று அளவை ஏற்றுவார்கள். ஒரு நாள் சரியான சிரிஞ்ச் கைக்கு வரும். அன்று பூனை சாய்ந்துவிடும்.

அதனால் மெடிக்கலில் ஒவ்வொரு முறையும் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இது நாற்பதா நூறா? சிரிஞ்ச் அதே நம்பரா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அரை யூனிட் கோடு போட்ட 0.3 மி.லி. சிரிஞ்ச் கிடைத்தால் அதுவே பூனைக்கு ஏற்றது.

சர்க்கரை இறங்கிவிட்டால்: தள்ளாட்டம், வெறித்த பார்வை, திடீர்ப் பசி, கால் பலமின்மை, முற்றினால் வலிப்பு. நினைவு இருந்தால் உடனே உணவு கொடுங்கள். நினைவு தடுமாறினால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தேய்க்க வேண்டும். வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். மலைத்தேன் இல்லாத வீடு இங்கே குறைவு. அதில் ஒரு சின்னப் பாட்டிலை இன்சுலின் சாமான்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள். தேன் தேய்த்துத் தெளிந்துவிட்டது என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போக வேண்டும். நீண்ட நேர இன்சுலின் உள்ளே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.

மலைப்பாதைப் பயணத்துக்கும் இதுவே பொருந்தும். ஊசி போட்டு, சாப்பிட வைத்து, வண்டியில் ஏற்றினால், பர்லியார் வருவதற்குள் தின்றதை எல்லாம் வாந்தி எடுத்துவிடும் பூனைகள் உண்டு. உள்ளே இன்சுலின் மட்டும் மிச்சம். கீழே இறங்கும் நாளில் ஊசியை எப்போது, எவ்வளவு என்று முந்தின நாளே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பனிக்காலக் காலையில்

சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி படிகிறது. கொடைக்கானலிலும் அப்படியே. இந்தக் குளிர் இரண்டு இடங்களில் குறுக்கே வரும்.

முதலாவது குளுக்கோமீட்டர். பெரும்பாலான மீட்டர்கள் ஏறக்குறைய பத்து டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது, பிழை என்று காட்டும். மீட்டரையும் பட்டைக் குப்பியையும் இரவே மெத்தைக்கு அருகில் வைத்துக்கொள்ளலாம், அல்லது கால் மணி நேரம் சட்டைப்பையில் வைத்துச் சூடேற்றலாம். பூனையின் காதும் குளிரில் வெளிறிப்போயிருக்கும். குத்தினால் ரத்தம் வராது. ஒரு சுத்தமான காலுறையில் கொஞ்சம் அரிசியைப் போட்டு முடிந்து, தோசைக்கல்லில் இளஞ்சூடாக்கி, முதலில் நம் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, பிறகு காதில் ஒரு நிமிடம் ஒற்றுங்கள். காது மடலின் ஓரத்தில் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்க்குச் சற்று வெளியே, பின்னால் பஞ்சு கொடுத்துக் குத்தினால் ஒரு துளி எழும். அது போதும். முதல் வாரம் கை நடுங்கும். பிறகு பழகிவிடும், பூனைக்கும் பழகிவிடும். மனிதருக்கான மீட்டர் பூனையின் ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் வழக்கம் உண்டு. எந்த மீட்டரில் எடுத்த எண் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, இன்சுலினைப் பாதுகாப்பது. 2 முதல் 8 டிகிரி வரை வைக்க வேண்டும். உறைந்தால் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் மருந்து கெட்டுப்போயிருக்கும். "வெளியே இவ்வளவு குளிரு, ஃபிரிட்ஜ் எதுக்கு" என்று ஜன்னல் திண்டில் வைக்கும் வழக்கம் கூடாது. ஃபிரிட்ஜிலும் உறைபெட்டிக்கு அடியிலோ பின்சுவரை ஒட்டியோ வைக்காமல் கதவில் வைப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடும் நாட்கள் உண்டு. அக்டோபருக்கு முன்பே ஒரு குப்பியும் ஒரு கட்டு சிரிஞ்சும் கூடுதலாக இருக்கட்டும்.

டிரை ஃபுட் சண்டைக்கு முடிவு

சாதாரண டிரை ஃபுட் பல்லைச் சுத்தம் செய்யாது. உருண்டை சிறியது. பல் நுனி பட்டதும் உடைந்துவிடும், ஈறு ஓரத்தை அது தொடுவதே இல்லை. பல பூனைகள் கடிக்காமலே விழுங்குகின்றன. பல்லுக்காகவே பெரிய உருண்டையாகச் செய்த தனித் தீனிகள் மட்டும் விலக்கு. ஆக, பல்லுக்காக டிரை ஃபுட் கொடுக்கிறோம் என்ற வாதம் விழுந்துவிடுகிறது. உருண்டையாகப் பிடிக்க மாவுச்சத்து தேவை என்பதால் அதில் மாவு அதிகம். பூனையோ பிறவியிலேயே இறைச்சி உண்ணி. அதன் எச்சிலில் மாவைச் செரிக்கும் நொதி இல்லை. சர்க்கரை உள்ள பூனைக்கு மாவு குறைந்த வெட் ஃபுட்தான் ஏற்றது. வலிக்கும் வாய்க்கும் அதுவே இதம்.

வெட் ஃபுட் விலை எல்லோருக்கும் கட்டாது என்பது தெரிந்ததே. வீட்டில் கொடுப்பவர்கள் முதலில் குறைக்க வேண்டியது பால்சோறு, தயிர்சோறு, டீயில் நனைத்த வர்க்கி. பாலிலும் சர்க்கரை இருக்கிறது. உப்பில்லாமல் வேகவைத்த கோழி, அதன் இதயம், முட்டை, முள் நீக்கிய மத்தி ஆகியவை நல்லவை. ஆனால் வெறும் கறி மட்டும் நீண்ட நாள் கொடுத்தால் கால்சியம் போதாது. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். எதைச் சேர்ப்பது என்று டாக்டரிடம் கேட்டே செய்ய வேண்டும். மலைப்பூண்டு நமக்கு மருந்து. பூனைக்குப் பூண்டும் வெங்காயமும் சிவப்பணுவை உடைக்கும் நஞ்சு. குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம்.

ஒரே நாளில் சோற்றை நிறுத்திவிடாதீர்கள். மாவு குறைந்ததும் இன்சுலின் தேவையும் சட்டென்று குறையும். பழைய அளவிலேயே ஊசி போட்டால் சர்க்கரை விழுந்துவிடும். தீனி மாற்றத்தையும் இன்சுலின் அளவையும் டாக்டருக்குத் தெரியாமல் தனித்தனியாக மாற்றக் கூடாது.

ஊசிக்குப் பதில் மருந்து உண்டாமே?

உண்டு. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கும், 2023 ஆகஸ்டில் வெலாகிளிஃப்ளோசின் என்ற வாய்வழித் திரவத்துக்கும் பூனைகளுக்காக அனுமதி கொடுத்தார்கள். இவை அதிகச் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும். இதற்குமுன் இன்சுலின் போடாத, மற்றபடி ஆரோக்கியமான பூனைகளுக்குத்தான் அந்த அனுமதி. சாப்பிடாத பூனைக்கு, சுகர் எண் நன்றாக இருக்கும்போதே கீட்டோன் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். வாய் வலியால் நாளைக்கே சாப்பாட்டை நிறுத்தக்கூடிய பூனைக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று யோசியுங்கள். அதே குடும்பத்து மனித மாத்திரையை வீட்டில் பாதியாக உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது.

எதை முதலில் செய்வது

சுகர் சரியான பிறகுதான் பல் என்று காத்திருந்தால், வாய் சரியாகாமல் சுகர் சரியாகாது. அதனால் பொதுவாக இப்படிப் போகும்:

1. இன்சுலினும் தீனி மாற்றமும் உடனே. கூடவே வலிக்கு டாக்டர் தரும் மருந்து. சிறுநீரகம், தைராய்டு, ரத்த அழுத்தம், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

2. சில வாரங்களில் கீட்டோன் இல்லாமல், சர்க்கரை ஓரளவு அடங்கி, பூனை சாப்பிட்டுக்கொண்டு இருந்தால், பல் அறுவைக்கு அது போதும். எண் அழகாக வர வேண்டியதில்லை. வாய் வலியால் சாப்பாடே நின்றால் இன்னும் முன்னதாகவே செய்வார்கள்.

3. முழு மயக்கத்தில், பல் எக்ஸ்ரேயோடு செய்ய வேண்டும். மயக்கம் இல்லாமல் காரை சுரண்டுவது வெளிப்பூச்சு. ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கும். ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தால் நாற்றம் சில வாரம் குறைந்து திரும்ப வரும்.

வலி என்று வீட்டு மருந்து எதையும் தொடாதீர்கள். அரை பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். பல்வலிக்கு நாம் வைக்கும் கிராம்புத் தைலமும், இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் நீலகிரித் தைலமும் பூனைக்கு நஞ்சு. அவற்றை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகப் பலவீனம். வெளியே தடவினாலும் நக்கி உள்ளே போய்விடும்.

எங்கே போவது என்பது மலைக்காரர்களின் பெரிய கேள்வி. கோயம்புத்தூரின் தனியார் மருத்துவமனைகள், உடுமலைப்பேட்டை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் என்று எங்கே போவதானாலும், புறப்படும் முன் போனில் நான்கு விஷயம் கேளுங்கள்: பூனைக்குப் பல் எக்ஸ்ரே எடுப்பீர்களா, மயக்கத்தின்போது சுகரும் ரத்த அழுத்தமும் பார்ப்பீர்களா, காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொள்வீர்களா, அன்று காலை இன்சுலின் எவ்வளவு போட வேண்டும்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பாதி அளவு என்ற பதில் வரும். ஆனால் உங்கள் பூனைக்கு என்ன என்று அவர்கள் வாயால் சொல்லட்டும். முடிந்தால் அன்று இரவு கீழேயே தங்குங்கள். மயக்கம் தெளிந்த பூனையால் உடம்புச் சூட்டைச் சரியாகக் காக்க முடியாது. இரவில் மலையேறினால், சமவெளி வெக்கையிலிருந்து பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிருக்குள் அது போகும்.

பல் எடுத்த பிறகு

பல் இல்லாமல் எப்படிச் சாப்பிடும் என்ற கவலை எல்லோருக்கும் வரும். பூனை மென்று தின்னும் பிராணி இல்லை. நாக்கால் வாரி விழுங்கும். வலி போன வாயோடு, பல பூனைகள் ஓரிரு நாளில் முன்பைவிட ஆர்வமாகச் சாப்பிடும். இரண்டு வாரம் மென்மையான உணவு போதும். ஈறு ஆறிய பிறகு, மிச்சமிருக்கும் பற்களை ஈரத் துணி சுற்றிய விரலால் தேய்க்கத் தொடங்கலாம். பூனைக்கான பேஸ்ட் கிடைத்தால் நல்லது. நம் பேஸ்ட் வேண்டாம், பூனைக்குத் துப்பத் தெரியாது.

உண்மையில் கவனம் இந்த வாரங்களில்தான் வேண்டும். வாய் அழற்சி அடங்கியதும் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். நேற்று வரை போதாமல் இருந்த அளவு இன்று அதிகமாகிவிடும். அதனால் குறைந்தது இரண்டு மூன்று வாரம், ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் காதில் குத்திப் பாருங்கள். தேதி, நேரம், எண், எவ்வளவு சாப்பிட்டது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊசிக்கு முந்தைய எண் எவ்வளவுக்குக் கீழே போனால் போடக் கூடாது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிடுங்கள். எப்போதும் 280, 300 என்று காட்டிய மீட்டர் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு 95 என்று காட்டினால், அது நீங்கள் இத்தனை நாள் காத்திருந்த எண்ணாகவே இருக்கலாம். சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு, பூனைக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, முதலில் டாக்டருக்குப் போன் போடுங்கள்.